பஞ்சநதம் வீட்டுக் கார்

மேலக்கண்ணமங்கலத்துப் பஞ்சநதத்தைக் கேட்காமல் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் கார் வாங்கியதில்லை. மன்னார்குடிக்கும் வடுவூருக்கும் நடுவில் எந்த வீட்டு வாசலில் கார் நின்றாலும் அது அவர் பார்த்துத் தலையாட்டிய காராகத்தான் இருக்கும். அவர் மெக்கானிக் இல்லை, டிரைவர் இல்லை. கொஞ்சம் நஞ்சையும் ஒரு பழைய மொபெட்டும் வைத்திருந்த விவசாயி. ஆனால் நாற்று விட்டு முடிந்ததும் யாராவது ஒருவர் வந்து, "அண்ணே, தஞ்சாவூர் வரைக்கும் ஒரு எட்டு வரணும்" என்று நிற்பார். பஞ்சநதம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வார்.

ஷோரூமில் அவர் பார்க்கும் விதமே தனி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்று சுற்றுவார். கதவைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு சாத்துவார். பலாப்பழத்தைத் தட்டுவது போல பானெட்டை விரல் முட்டியால் தட்டுவார். பிறகு "ம்ஹூம்" என்பார். முதல் ம்ஹூமுக்கு டீ வரும். இரண்டாவதற்கு மேட் இலவசமாகும். மூன்றாவதற்கு மேனேஜரே எழுந்து வருவார். ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் வாங்குகிறவரை ஓட்டச் சொல்லிவிட்டு இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வார். "ஓட்டுறவனுக்கு ரோடுதான் தெரியும். பக்கத்துல உக்காந்தாதான்யா வண்டி தெரியும்" என்பார். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

இத்தனை பேருக்குக் கார் பார்த்துக் கொடுத்தவர் தனக்கென்று ஒன்று வாங்கவில்லை. அவர் மனைவி ராஜாத்தி கேட்காத வருடமில்லை. ஒரு காருக்கு சீட் பள்ளம். ஒரு காரின் டிக்கியில் நெல் மூட்டை வைத்தால் மூடாது. இன்னொரு காரின் முகம் செத்த கெண்டை மாதிரி இருக்கிறது. "குறையில்லாத கார் இன்னும் வரல ராஜாத்தி. அடுத்த மாடல் வரட்டும்." அடுத்த மாடல் ஒவ்வொரு வருடமும் வந்தது. அதற்குள் மகள் வானதி பிறந்து, படித்து, கல்யாணமாகி, சிங்கப்பூருக்கும் போய்விட்டாள். ராஜாத்தி மொபெட்டின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, வெயிலில் முந்தானையும் மழையில் குடையும் பிடித்துக்கொண்டு எல்லாக் கல்யாணங்களுக்கும் போய்வந்தாள்.

ஓர் ஐப்பசி அடைமழையில் பஞ்சநதத்துக்கு நெஞ்சு வலித்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரி வேனில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். ராஜாத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோட்டார் கொட்டகையைப் பூட்டியாகிவிட்டதா என்று கேட்டார். பூட்டியாகிவிட்டது என்றாள். வேன் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பஞ்சநதம் கண்ணைத் திறந்தார்.

"முன்னாடி வலது வீல்ல சத்தம் வருது. டிரைவர்ட்ட சொல்லு."

அவள் சொன்னாள். "ஆமாங்கம்மா, பேரிங் போயிருக்கு. நாளைக்குத்தான் மாத்தணும்" என்றார் டிரைவர். அதைக் கணவரிடம் சொல்லத் திரும்பியபோது கேட்க அவர் இல்லை. கடைசியாக என்ன சொன்னார் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். பேரிங் என்று எப்படிச் சொல்வது? 'முருகா' என்று சொன்னதாகச் சொல்லிவிட்டாள்.

*

வருடத் திவசம் முடிந்து தை பிறந்ததும் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம் வந்தது. கொழுந்தனார் கலியமூர்த்தி வகையில் நெருங்கிய உறவு. அவர் வீட்டிலிருந்து இரண்டு கார்கள் கிளம்பின. இரண்டுமே பஞ்சநதம் பார்த்துக் கொடுத்தவை. ராஜாத்தியை ஒன்றின் பின் சீட்டில், சீர்வரிசைப் பாத்திரங்களுக்கு நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள்.

சாப்பாடு முடிந்து, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, மணப்பெண்ணின் பாட்டியிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வாசலுக்கு வந்தாள். கார் இரண்டையும் காணோம். மண்டபத்து ஆட்கள் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தாள்.

"அண்ணி, நீங்க அந்த வண்டியில இல்ல?" என்றார் கலியமூர்த்தி.

"எந்த வண்டியில?"

"முன்னாடி போற வண்டியில."

"நான் மண்டப வாசல்ல நிக்கறேன் தம்பி."

போனுக்குள் ஒரு பெரிய குழப்பம் கேட்டது. அவர்கள் நீங்கள்தான் ஏற்றினீர்கள் என்றார்கள், இவர்கள் நீங்கள்தான் என்றார்கள். கடைசியில் கலியமூர்த்தி, "வடுவூர் தாண்டிட்டோம் அண்ணி. திரும்பி வரட்டுமா?" என்று, வேண்டாம் என்ற பதிலை எதிர்பார்க்கும் குரலில் கேட்டார்.

"வேணாம் தம்பி. நான் பஸ்ல வந்துக்கறேன்."

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. பட்டுப்புடவை கசங்க உட்கார்ந்திருந்த ராஜாத்தி தாம்பூலப் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். மண்டபத்தில் மறந்து வைத்துவிட்டுப் போக நான் என்ன குடையா என்று நினைத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கணவரின் மேல் சரியான கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் கார் வாங்கிக் கொடுத்த மனுஷன் நமக்கு ஒரு செத்த கெண்டையையாவது வாங்கிப் போட்டிருக்கக் கூடாதா?

மறுவாரமே மன்னார்குடியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். வகுப்பில் இருந்த எல்லாரும் அவளை 'ஆன்ட்டி' என்றார்கள். முன்னால் போவது அவளுக்கு நன்றாக வந்தது. பின்னால் எடுப்பதுதான் வரவில்லை. வலது பக்கம் திருப்ப நினைத்தால் வண்டி இடது பக்கம் போனது. முதல் டெஸ்ட்டில் ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். இரண்டாம் முறை பாஸ். அடுத்த வீட்டுக் காளியம்மாளுக்கு மட்டும் லைசென்ஸைக் காட்டினாள். காளியம்மாள் அவளைவிடச் சற்று இளையவள், சின்ன வயதிலிருந்து கூட்டாளி. லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டோல ஏன்க்கா திருடிப் புடிபட்ட மாதிரி முழிக்கிற?" என்றாள்.

செய்தி எப்படியோ கலியமூர்த்திக்குப் போனது. மாலையே வந்துவிட்டார்.

"அண்ணி, கார் வாங்கறது கத்திரிக்கா வாங்கற மாதிரி இல்ல. ஆம்பளத் துணை இல்லாம ஷோரூமுக்குள்ள போனா தலையில மொளகா அரைச்சிடுவானுங்க. உளுந்து பிடுங்கி முடியட்டும், நானே கூட வர்றேன்."

"சரி தம்பி" என்றாள் ராஜாத்தி.

சிங்கப்பூரிலிருந்து வானதியும் வீடியோவில் வந்தாள். "ஏம்மா இந்த வயசுல? வேணும்கிறப்ப போன்ல டாக்சி புக் பண்ணிக்கம்மா."

"பண்ணிப் பாத்தேன்டி. நம்ம ஊருன்னதும் கேன்சல் பண்ணிட்டான்."

அடுத்த திங்கட்கிழமை காலையில் சம்பா நெல் விற்ற பணத்துக்கும் பஞ்சநதத்தின் இன்சூரன்ஸ் பணத்துக்குமான பாஸ்புக்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ராஜாத்தி தனியாகத் தஞ்சாவூர் பஸ் ஏறினாள்.

*

ஷோரூமில் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு வரவேற்ற பெண்ணின் பெயர் ஆஷிகா. வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ராஜாத்திக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"வாங்க மேடம். சார் பார்க் பண்ணிட்டு வர்றாங்களா?"

"இல்லம்மா."

"லேட்டா வருவாங்களா?"

"வரமாட்டாரு."

"அப்ப பையன் யாராச்சும்…"

"பொண்ணுதான். சிங்கப்பூர்ல இருக்கா."

ஆஷிகா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப கார் யாருக்கு மேடம்?"

"எனக்குத்தாம்மா."

"ஓ, சூப்பர் மேடம்" என்றாள் ஆஷிகா. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று வாசலை இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொரு காராகக் காட்டினாள். இதில் தண்ணீர் பாட்டில் வைக்க இடம் இருக்கிறது, இதில் முகம் பார்க்கக் கண்ணாடி இருக்கிறது, இதில் கைப்பை மாட்டக் கொக்கி இருக்கிறது. ஆம்பிளைகளிடம் சொல்லும் இன்ஜின் விவரம் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ராஜாத்திக்குப் புரிந்திருக்காது. பஞ்சநதத்தோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் காரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவர் அதைப் பார்க்கும் விதம் மட்டும்தான். வீட்டில் புதுப் பானை வாங்கினாலும் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

ஒரு மூலையில் சின்னதாக ஆரஞ்சு நிறக் கார் ஒன்று நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டது என்பதை வெளியே காட்டக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தாள். கதவைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சாத்தினாள். கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது. வீட்டு பீரோ சத்தத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பானெட்டை விரல் முட்டியால் தட்டினாள்.

"ம்ஹூம்" என்றாள்.

கண்ணாடி அறைக்குள் யாரோ டீ கிளாஸைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

மேனேஜர் ஜெக்கரியா வேகமாக வெளியே வந்தார். நரைத்த மீசை, கழுத்தில் டை, சட்டையில் டீக் கறை. ராஜாத்தியை மேலும் கீழும் பார்த்தார்.

"அம்மா… நீங்க மேலக்கண்ணமங்கலமா?"

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அந்த ம்ஹூமை நான் தூக்கத்துல கேட்டாலும் கண்டுபிடிச்சிடுவேம்மா. பஞ்சநதம் சாருக்கு என்ன வேணும் நீங்க?"

"வீட்டுக்காரருங்க" என்றவள், அவர் கண்கள் வாசலைத் தேடுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில தவறிட்டாருங்க."

ஜெக்கரியா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உண்மையாகவே அவர் முகம் வாடிப்போனது. "ஒரு வருசத்துக்கு மேல காணலயேன்னு பேசிக்குவோம்மா. வேற ஷோரூமுக்குப் போக ஆரம்பிச்சிட்டாரோன்னு நெனச்சு நான்கூட வருத்தப்பட்டேன்" என்றார். பிறகு ஆஷிகாவைக் கூப்பிட்டு, "இவங்க யார் தெரியுமா? இவங்க வீட்டுக்காரர் உள்ள வந்தா சேல்ஸ்ல பாதிப் பேரு சாப்பாட்டுக்குப் போயிடுவான்" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

ராஜாத்திக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. இன்னொரு முறை கதவைத் திறந்து சாத்தினாள்.

"ம்ஹூம்."

"மேட் ஃப்ரீயா போட்டுர்றோம்மா" என்றார் ஜெக்கரியா.

பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்து, அதற்குள் இருந்த ஸ்டெப்னி டயரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அது என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அது சின்ன சைஸ்தாம்மா, எல்லா மாடல்லயும் அப்படித்தான். சீட் கவர் சேத்துக்கறோம்" என்றார் அவர்.

"ம்ஹூம்."

"முதல் வருச இன்சூரன்ஸும் நம்ம கணக்கு. அம்மா, இதுக்கு மேல கேட்டா எனக்கு வேலை போயிடும்மா."

ஆஷிகா வாயைத் திறந்தபடி நின்றாள். ராஜாத்தி அவர் மேல் இரக்கப்பட்டு, "சரி, ஓட்டிப் பாக்கலாம்" என்றாள்.

கார் வெளியே வந்தது. ஜெக்கரியா தானே கூட வருவதாகச் சொன்னார். பழக்க தோஷத்தில் இடது பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார். "சார் எப்பவும் இங்கதாம்மா உக்காருவாரு."

ராஜாத்தியும் பழக்க தோஷத்தில் உட்காரப் போனவள், நிமிர்ந்தாள். "நான்தாங்க ஓட்டணும்."

"நீங்க ஓட்டுவீங்களா?" ஜெக்கரியாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "பரவால்லயே! சாருக்குத்தான் கடைசி வரைக்கும் வரவே இல்ல."

"என்ன வரல?"

ஜெக்கரியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன வரலன்னு கேட்டேன்."

"அம்மா… உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எது தெரியும்?"

"அவருக்கு ஓட்டத் தெரியாதும்மா."

ராஜாத்தி சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டாள். ஜெக்கரியா பயந்துபோய் இடது பக்கம் ஏறியதும் கியரைப் போட்டு எடுத்தாள். சாலைக்கு வந்ததும், "சொல்லுங்க" என்றாள்.

"மெதுவா போலாம்மா."

"நீங்க சொல்லுங்க."

இருபது வருடத்துக்கு முன்னால் ஜெக்கரியா இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுப்பவராக இருந்தார். ஒருநாள் பஞ்சநதம் வந்து சேர்ந்தார். ஊர்க்காரர்கள் கண்ணில் படாமலிருக்கத் தஞ்சாவூரைத் தேர்ந்தெடுத்திருந்தார். வீட்டில் பயிர் இன்சூரன்ஸ் விஷயமாக அலைவதாகச் சொல்லியிருந்தார்.

"ஆத்தங்கரை ரோட்டுல ஓட்டிட்டிருந்தோம்மா. திரும்புங்கன்னேன். அவரு என் பக்கம் திரும்பி, என்னன்னு கேட்டாரு. வண்டி நேரா ஒரு வைக்கப்போருக்குள்ள போயிட்டு. பின்னாடி நம்பர் பிளேட் மட்டுந்தான் வெளிய தெரிஞ்சுது. உள்ள ஒரே இருட்டு. ரெண்டு பேர் வாயிலயும் வைக்கோலு. அவரு நெதானமா சொல்றாரு, 'தம்பி, பிரேக் சரியில்ல.'" ஜெக்கரியா மூச்சு விட்டுக்கொண்டார். "பிரேக்க அவரு மிதிக்கவே இல்லம்மா."

ராஜாத்தி ஒரு லாரியை முந்தினாள். ஜெக்கரியா மேலே இருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"அப்புறம் வரல. இது வெளிய தெரியக்கூடாதுன்னாரு. நானும் வாய் தொறக்கல. இங்க மேனேஜர் ஆனதும் ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வருவாரு. ஓட்டிப் பாக்கறப்ப பக்கத்துல உக்காந்துக்குவாரு. என்னைப் பாத்து ஒரு பார்வை பாப்பாரு பாருங்க, நான் டீ சொல்லப் போயிடுவேன்."

"குறையில்லாத கார் இன்னும் வரலன்னாரு" என்றாள் ராஜாத்தி. "எத்தனை மழையில நனஞ்சிருக்கேன் தெரியுமா? வானதி வயித்துல இருக்கறப்ப அந்த மொபெட்டுல… ஓட்டத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன தின்னுடவா போறேன்? ஒரு டிரைவரப் போட்டுக்கிட்டிருக்கலாம். நானே ஓட்டியிருப்பேன்!"

"அம்மா, சிக்னல்."

பிரேக்கைப் போட்டாள். ஜெக்கரியா முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்தார். சிவப்பு விளக்கைப் பார்த்தபடி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அதையும் ஒரு நாள் கேட்டாரும்மா. தனியா வந்திருந்தாரு. இதே மாதிரி ஒரு சின்ன வண்டியில ஏறி ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. 'ஜெக்கரியா, பொம்பளைங்க ஓட்ட இது தோதா இருக்குமா?'ன்னாரு. தாராளமா ஓட்டலாம் சார், வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்கன்னேன். எறங்கிட்டாரு. 'வேணாம்யா. அவ சுருக்கா கத்துக்குவா. நல்லா ஓட்டிட்டான்னா அப்புறம் எனக்கு வீட்டுல என்ன மரியாதை இருக்கும்?'னுட்டுப் போயிட்டாரு."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். ராஜாத்தி கொஞ்ச நேரம் கழித்துத்தான் வண்டியை எடுத்தாள். அதன்பிறகு மெதுவாகவே ஓட்டினாள். ஷோரூம் வாசலில் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தாள்.

"இதையே எடுத்துக்கறேங்க."

"ஆரஞ்சா? வெள்ளைதாம்மா வித்தா விலை போகும்னு சார் எல்லார்ட்டயும் சொல்லுவாரு."

"சொல்லட்டும்" என்றாள் ராஜாத்தி.

*

நம்பர் வந்து வண்டியை எடுக்கப் போன அன்றும் தனியாகத்தான் போனாள். ஷோரூமில் ஆளுயரச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். ஆஷிகா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். வீடு வரைக்கும் ஓட்டிக் கொடுக்க ஒரு டிரைவரை அனுப்புவதாக ஜெக்கரியா சொன்னார். ராஜாத்தி யோசித்துப் பார்த்துவிட்டு, "ம்ஹூம்" என்றாள். அவர் அதற்கும் எதையாவது இலவசமாகக் கொடுத்துவிடப் பார்த்தார்.

ஊரைத் தாண்டியதும் பயம் போய்விட்டது. பஸ்கள் அவளைத் திட்டிக்கொண்டே முந்திப் போயின. அவள் பாட்டுக்கு நடுத்தரமான வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். வடுவூருக்கு இந்தப் பக்கம் ரோட்டின் முக்கால் அகலத்துக்கு உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்தால் நெற்று உடைந்துவிடும், தனியாக அடிக்க வேண்டாம். அவளுடைய ஊரிலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் புதுக் காரை அதன் மேல் விட மனம் வரவில்லை. நிறுத்தினாள்.

முண்டாசு கட்டிய பெண்கள் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தார்கள்.

"ஏன் நிக்கிறீங்க? சும்மா ஏத்துங்கக்கா!"

"புது வண்டிம்மா."

"புது வண்டின்னா நல்லதுதானே. டயர் நல்லா புடிக்கும். ஏத்துங்க!"

ஏற்றினாள். சக்கரத்துக்கு அடியில் நெற்றுகள் படபடவென்று உடைந்தன. கேட்க நன்றாக இருந்தது. தாண்டியதும் பின்னாலிருந்து கத்தினார்கள்.

"அக்கா, இந்த ஓரம் மிதிபடவே இல்ல! அப்படியே ரிவர்ஸ் வாங்க!"

ரிவர்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு வியர்த்தது. வராது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண்களில் மூத்தவள் காருக்குப் பின்னால் போய் நின்று இரண்டு கைகளையும் ஆட்ட ஆரம்பித்தாள். "வாங்க, வாங்க, வாங்க… வாய்க்கா பக்கம் வேணாம், இந்தப் பக்கம் ஒடிங்க… அப்படித்தான்!" ராஜாத்தி திரும்பிப் பார்த்தபடி அந்தக் கைகள் போன திசையில் வண்டியைக் கொண்டுபோனாள். இடது பக்கம் போக நினைத்தபோது இடது பக்கமே போனது. முன்னும் பின்னுமாகப் பல தடவை போய்வந்தாள். டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டியும் வராதது அங்கே உளுந்து மேல் வந்துவிட்டது. கிளம்பும்போது ஒரு பெண் ஜன்னல் வழியாக ஒரு படி உளுந்தை மடியில் கொட்டிவிட்டுப் போனாள்.

*

வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. காளியம்மாளிடம் மட்டும் சொல்லியிருந்தாள், அதனால் ஊருக்கே தெரிந்திருந்தது. பஞ்சநதம் கார் பார்த்துக் கொடுத்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மன்னார்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மீரா உசேன் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். கலியமூர்த்தி எல்லாருக்கும் முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணி, நான் வர்றேன்னேன்ல?"

"உளுந்து முடியட்டும்னீங்க. முடிஞ்சிட்டு தம்பி" என்று சொல்லி மடியிலிருந்ததைக் காட்டினாள்.

கலியமூர்த்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றினார். அவருக்குப் பின்னால் மீரா உசேன். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். ஆளுக்கொரு தடவை கதவைத் திறந்து, கண்ணை மூடி, சாத்தினார்கள். ஆளுக்கொரு தட்டு பானெட்டில் விழுந்தது. ராஜாத்தி பொறுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் பரவால்ல" என்றார் கலியமூர்த்தி. "கலருதான் கல்யாண வீட்டு சர்பத் மாதிரி இருக்கு. இன்னும் என்ன போட்டுக் குடுத்தான்?"

மேட், சீட் கவர், இன்சூரன்ஸ் என்று சொன்னாள். கலியமூர்த்தியின் காருக்கு மேட்டோடு நின்றுபோயிருந்தது.

"எல்லாம் அண்ணன் ஆசி" என்றார் மீரா உசேன், கண்கலங்கி. "அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் இதை எடுத்துக்கிட்டு ஒரு ரவுண்டு போயிருப்பாரு. அண்ணி, ஒரு தடவ நம்ம வண்டிய எடுத்தாரு பாருங்க, தஞ்சாவூர் பைபாஸ்ல. காத்து மாதிரி!"

"நீ பாத்தியா?" என்றார் ஒருவர்.

"பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தேங்கறேன்!"

அதைக் கேட்டுக் கலியமூர்த்தியால் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணன் எனக்கே ஸ்டியரிங் புடிக்கக் கத்துக்குடுத்தவரு. மடியில சொம்புத் தண்ணிய வச்சுக்கிட்டு உக்காரலாம், தளும்பாது" என்றார். தலைகள் ஆடின. ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். ஒருவர் பஞ்சநதம் ஒற்றைக் கையால் ஓட்டியதைப் பார்த்திருந்தார். இன்னொருவர் அவர் வேதாரண்யத்திலிருந்து புயலுக்கு நடுவில் ஓட்டி வந்ததைக் கேள்விப்பட்டிருந்தார். எல்லாரும் ராஜாத்தியைப் பார்த்தார்கள்.

ராஜாத்தி அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஜெக்கரியா வாயைத் திறக்காமல் காத்த இருபது வருடம் நினைவுக்கு வந்தது. மொபெட்டை ஓட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளைச் சட்டை முதுகும் நினைவுக்கு வந்தது.

"ஆமா" என்றாள். "அவரு ஓட்டுனா வண்டி நகர்றதே தெரியாது."

கூட்டம் பெருமூச்சு விட்டது. காளியம்மாள் மட்டும் அவளைக் கூர்ந்து பார்த்தாள். அவளுக்கு ராஜாத்தியின் உதடு எப்போது எதற்குத் துடிக்கும் என்று தெரியும். எதுவும் கேட்காமல் போய்க் காரில் இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, "ஏசி எப்படி இருக்குன்னு காட்டுக்கா" என்றாள். ராஜாத்தியும் ஏறினாள். கண்ணாடிகளை ஏற்றினார்கள்.

"மாமா நெசமாவே அப்படி ஓட்டுவாராக்கா?"

"எங்கடி ஓட்டினாரு" என்று ஆரம்பித்தாள் ராஜாத்தி.

வைக்கோல் போர் வரை ஒழுங்காகச் சொன்னாள். 'பிரேக் சரியில்ல' என்ற இடத்தில் குரல் உடைந்தது. காளியம்மாள் முந்தானையை வாயில் வைத்து அடைத்தாள். அதைப் பார்த்ததும் ராஜாத்திக்கு அடக்க முடியவில்லை. இவ்வளவு நாளாக அவள் சிரிக்கவில்லை என்பது சிரிக்கும்போதுதான் தெரிந்தது. கண்ணில் நீர் கொட்ட, தோள் குலுங்க, இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். கார் மெல்ல ஆடியது.

வெளியே நின்றவர்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. குலுங்கும் தோள்களும் முந்தானையும்தான் தெரிந்தன. மீரா உசேன் தலையைக் குனிந்துகொண்டார். கலியமூர்த்தி தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கண்ணாடி வழியாக அவர்கள் வரிசையாகத் தலைகுனிந்து நிற்பதை ராஜாத்தி பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கின் மேல் அப்படியே கவிழ்ந்தாள். ஹாரன் நீளமாக அலறியது. கொட்டிலில் இருந்த மாடுகள் எழுந்து நின்றன.

"யாரும் கிட்ட போகாதீங்க" என்றார் கலியமூர்த்தி, கரகரத்த குரலில். "பாவம், அழுது தீக்கட்டும்."